கேஜ்காரரின் விரல்கள்

வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிஸ்டனைத் தாங்கும் கம்பியான கனெக்டிங் ராடைப் பிடித்து மேலே இழுத்தன, கீழே அழுத்தின. மறுபடி மேலே, மறுபடி கீழே. கழற்றிய இஞ்சின் ஹெட்டும் சிலிண்டரும் தகரத் தட்டில் கிடந்தன. ராடு மட்டும் எண்ணெய் வழிய நிமிர்ந்து நின்றது. பக்கவாட்டில் அது லேசாக ஆடியது; ஆடத்தான் வேண்டும். மேலும் கீழுமாக ஆடக் கூடாது. ஆடவில்லை.

ஆடவில்லையா, ஆடுவது தெரியவில்லையா?

கையைத் துணியில் துடைத்துவிட்டு இடது கையால் பிடித்துப் பார்த்தார். அதே பதில்.

விரலே அளவுக் கருவி என்பதால் கடைத்தெருவில் அவருக்குப் பெயர் கேஜ்காரர். யாரிடமும் போய்த் தொழில் கற்றவரில்லை. உடைந்த இஞ்சின்களை வாங்கி வந்து பிரித்துப் பார்த்தே பழகியவர். ராடு தேய்ந்திருக்கிறதா என்று தெரியவேண்டுமானால் மற்ற மெக்கானிக்குகள்கூட வண்டியைத் தள்ளிக்கொண்டு அவரிடம் வருவார்கள். இரண்டு விரலால் பிடிப்பார், கண்ணை மூடுவார், சொல்வார். முப்பது வருஷமாக ஒரு முறையும் பிசகியதில்லை. டயல் கேஜ் என்ற அளவுக் கருவி அலமாரியில் மரப்பெட்டிக்குள் இருந்தது. லேத் வேலைக்கு மட்டும் அதை எடுப்பார். ராடுக்கு அதை வைத்துப் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

இந்த மோட்டார் சைக்கிள் மருமகனுடையது. மருமகனைவிட வயதில் மூத்தது. வேகம் நாற்பதைத் தாண்டினால் ஃபுட்ரெஸ்ட் கால் கூசும்படி அதிர்கிறது என்று பத்து நாளுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டார். கேஜ்காரர் பிரித்தார், பிஸ்டன் ரிங் மாற்றினார், ராடைப் பிடித்துப் பார்த்தார். “இன்னும் பத்து வருஷத்துக்கு இதுக்கு ஒண்ணும் ஆகாது மாப்ள” என்றார். மருமகன் ஓட்டிப் போனார்; அதிர்வு போகவில்லை. இஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள்மேல் பழி போட்டு இறுக்கினார். பிறகு சக்கரத்தின்மேல் போட்டார். நேற்று வண்டியை மறுபடி வரவழைத்து, ஆயிலை இறக்கிக் காந்தத்தை விட்டபோது, வெளியே வந்த காந்தத்தில் சாம்பல் நிற ரோமம்போல இரும்புத் தூள் மொய்த்திருந்தது.

திங்கட்கிழமை மகளும் மருமகனும் இந்த வண்டியில்தான் மலைப்பாதையை இறங்கிப் புது வேலைக்குப் போகிறார்கள். இறக்கத்தில் ராடு முறிந்தால் இஞ்சின் இறுகும், பின்சக்கரமும் அப்படியே நின்றுவிடும். அப்படி ஒரு வண்டியை அவர் ஒருமுறை பார்த்திருக்கிறார். இஞ்சின் பெட்டியில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓட்டியவனின் ஒற்றைச் செருப்பு மட்டும் தனியே சாலையோரம் கிடந்தது.

முன்னறையில் தையல் மெஷினின் சத்தம் நின்றது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, காலையிலேர்ந்து அந்தக் கம்பியையே புடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கீங்க. பால் கறக்கப் பாக்குறீங்களா?”

“இங்க வந்து இதக் கொஞ்சம் புடி.”

“எதுக்கு? கையில கிரீஸ் ஒட்டுனா, நான் தைக்கிற வெள்ளச் சட்டைய நீங்களா துவைப்பீங்க?”

“வான்னா வா.”

அவள் வந்து ராடைப் பிடித்து, அவர் காட்டியபடி மேலும் கீழும் அசைத்தாள்.

“ஒண்ணும் தெரியலையே.”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த நொடியே அவள் விரல்களில் வழிந்த எண்ணெயைப் பார்த்தார். ராடின் அடியிலுள்ள பேரிங்குக்குள் எண்ணெய் நிறைந்திருந்தால் தேய்ந்த இடைவெளியை அது அடைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுத்தான் பார்க்கவேண்டும். விரல் நன்றாக இருந்த காலத்தில் எண்ணெயோடே அவருக்குத் தெரிந்துவிடும்; அந்தத் திமிரில் கழுவுவதை விட்டு வருஷக் கணக்காயிற்று.

சிரிஞ்சில் மண்ணெண்ணெய் எடுத்து ராடின் அடியில் பீய்ச்சினார். ராடு மாட்டியிருந்த கிராங்கைச் சுற்றினார். மறுபடி பீய்ச்சினார். கறுப்பாக வழிந்தது வெளுத்து வரும்வரை விடவில்லை.

“இப்பப் புடி.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “இருங்க... உள்ள டக்குனு ஒண்ணு தட்டுது. தேஞ்சுபோன தையல் மெஷின்ல ஷட்டில் ஆடுமே, அந்த மாதிரி.”

அவர் பிடித்தார். வெறும் கம்பிதான் இருந்தது.

“எனக்குத் தெரியலடி.”

அவள் அவர் முகத்தையும் கையையும் மாறிமாறிப் பார்த்தாள். “போன மாசம் கொதிக்கிற டம்ளரப் புடிச்சுக்கிட்டு ஊர்க்கதை பேசிக்கிட்டு நின்னீங்க. நான்தான் புடுங்கி வச்சேன். எத்தன நாளா இப்படி?”

“மழைக்கு முன்னாடியிலேர்ந்து. இரும்பு தேய்க்கிற கிரைண்டரப் புடிச்சுப் புடிச்சு விரல் மரத்துப்போச்சு. சரியாயிடும்னு பாத்தேன்.”

“அந்த வண்டில நம்ம பொண்ணு உக்காந்து போறா.”

அவர் மரப்பெட்டியை எடுத்துவந்தார். டயலைப் பொருத்தி ராடைத் தூக்கினார். ஒரு கோடுகூட நகரக்கூடாத முள் எட்டுக் கோடு தாண்டி நின்றது.

அன்றே கிராங்கை வெளியே எடுத்து, பிரஸ்ஸில் வைத்து, ராடு சுழலும் பின் என்ற அச்சை உருவினார். ஒரு பக்கம் பேரிங்கின் ரோலர்கள் கடித்துத் தோல் உரிந்தாற்போல இருந்தது. இருப்பிலிருந்த புதுப் பின், புது ராடு, புது ரோலர்கள். லேத்தில் கிராங்கைத் தொங்கவிட்டு, செம்புச் சுத்தியால் தட்டித்தட்டி நேர் பார்த்தார். ஒவ்வொரு தட்டுக்கும் மனைவியைக் கூப்பிட்டு முள்ளைப் படிக்கச் சொன்னார். நேர் பார்க்கையில் இரண்டு கோடுவரை முள் ஓடலாம்; “ரெண்டு கோடு” என்று அவள் மூன்று முறை சொன்ன பிறகுதான் சுத்தியைக் கீழே வைத்தார். ஒவ்வொரு நட்டையும் இரண்டு தடவை சோதித்தார். மூன்றாவது தடவைக்குப் போனபோது அவள் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டாள். பயம் மட்டும் எந்த நட்டை இறுக்கியும் அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் மகளோடு வந்து, தனியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் திரும்பிச் சாவியைக் கேஜ்காரரிடம் தந்தார்.

“மாமா, பின்னாடி வர்ற லாரி நம்பரக் கண்ணாடியில படிக்க முடியுது! முன்னெல்லாம் ஒரு லாரி மூணு லாரியாத் தெரியும்.”

கேஜ்காரர் துணியில் சுற்றிய பழைய பின்னை மருமகன் உள்ளங்கையில் வைத்தார். “பத்து நாளைக்கு முன்னாடி நல்லாருக்குன்னு சொன்னேன் பாருங்க, அது தப்பு. என் விரல் செத்துப்போனது தெரிஞ்சும் அத நம்பிச் சொல்லிட்டேன்.”

மருமகன் நகத்தால் பின்னை வருடினார். நகம் தடுக்கி நின்றது. சிரிப்பு போயிற்று.

“இதோடவா மாமா பத்து நாளா ரெண்டு பேரும் சுத்துனோம்?”

“ஆமா மாப்ள.”

மகள் அப்பாவைப் பார்த்தாள். “இப்ப நல்லாருக்குன்னு யாருப்பா சொல்றது?”

“டயல் சொல்லுது. உங்கம்மா சொல்றா. நான் சொல்லல.”

மகள் கையை நீட்டினாள். அவர் சாவியை அதில் வைத்தார். சாவி விரலைவிட்டுப் போய்விட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.