ஷெட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்

என் மகளுக்குத் தலை வாரும்போது பின்னலைத் தொங்கவிட எனக்கு மனம் வருவதில்லை. இறுக்கிச் சுருட்டி, கொண்டையாகக் கட்டித்தான் பள்ளிக்கு அனுப்புகிறேன். பள்ளிக்கூடத்தில் அவளைப் பிடித்து இழுக்க எந்த இயந்திரமும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை கேட்பதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் பெரிய தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். புதுவாயல் கூட்டுரோட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தகர ஷெட்டில் பெண்களுக்கு, இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் லேத் வேலை சொல்லிக்கொடுத்தார்கள். அம்மாவின் தங்கை எங்கள் வீட்டில் தங்கி அங்கே போய்க்கொண்டிருந்தாள்.

பயிற்சி முடிவில் நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு வைஸ் செய்து காட்ட வேண்டும். இரும்பை அசையாமல் கவ்விப் பிடிக்கும் சாதனம் அது. உடல் ஒருத்திக்கு, தாடை ஒருத்திக்கு, கைப்பிடி ஒருத்திக்கு. நடுவில் ஓடும் நீளத் திருகாணி சித்திக்கு. அது பொருந்தவில்லை என்றால் நான்கு பேருக்குமே சான்றிதழ் இல்லை. அதற்குக் கொடுத்த இரும்புத் தண்டுகளில் ஒன்றைச் சித்தி ஏற்கெனவே மரை வெட்டும்போது கெடுத்திருந்தாள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அந்த நாட்களில் எந்த மூடியைத் திறந்தாலும் அதன் மரையை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். ஊறுகாய் பாட்டிலை அவளிடம் கொடுத்தால் அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரிதான் என்று அப்பா கேலி செய்வார்.

அந்தச் சமயத்தில்தான் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. தறி வைத்திருந்த குடும்பம். பெண்ணுக்கு முடி இடுப்பு வரை வருமா என்று தரகரிடம் கேட்டனுப்பினார்கள். இடுப்பையும் தாண்டி வரும் என்று அம்மா பெருமையாகப் பதில் அனுப்பினாள். முறைப்படி வருவதற்கு முன்னால் ஜாடையாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவது வழக்கம். எப்போதும் அது கோயிலில்தான் நடக்கும். சித்திக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் ஷெட்டிலேயே பார்க்கிறோம் என்றார்கள்.

அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு கனகாம்பரமும் கையுமாகப் போனாள். சித்தி காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டி, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நின்றாள். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மீன் விற்கிறவள்கூட இதைவிட லட்சணமாக இருப்பாள் என்று முணுமுணுத்துக்கொண்டே துணியை அவிழ்த்து, பின்னலைத் தொங்கவிட்டு, பூவைச் செருகினாள். பக்கத்து மெஷினில் எஸ்தர் இருந்தாள்; வள்ளூர்ப் பெண், வைஸின் கைப்பிடி அவளுடைய வேலை. அவள் சித்தியைப் பார்த்து, "கொண்ட போட்டுக்கோடி, மாஸ்டர் பாத்தா கத்துவாரு" என்றாள். சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா தரகரோடு உள்ளே வந்தாள். ஒல்லியான பெண்மணி, அதிகம் பேசவில்லை. வேலை செய்வதைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டாள். சித்தி மிச்சமிருந்த அந்தத் தண்டை மாட்டி லேத்தை ஓடவிட்டாள். மரை வெட்டும்போது அது மெதுவாகத்தான் சுற்றும். அதனால்தான் உயிர் தப்பியது என்று பிறகு சொன்னார்கள்.

வெட்டு சரியாக விழுகிறதா என்று பார்க்கச் சித்தி குனிந்தாள். பின்னல் தோளிலிருந்து வழுக்கி முன்னால் விழுந்தது.

சத்தமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கனகாம்பரம் தண்டோடு சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு முடி, பிறகு சித்தியின் தலை கீழே போனது. எஸ்தர் பாய்ந்து வந்து சுவிட்சை அணைத்தாள். லேத் நின்றபோது சித்தியின் கன்னம் எண்ணெய் வழியும் இரும்பின்மேல் அழுந்தியிருந்தது. நெற்றி ஓரத்தில் முடி பிய்ந்து ரத்தம் வந்தது.

வேலை சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் ஓடி வந்தார். தண்டைச் சுழற்றும் சக்கரத்தைக் கையால் பின்பக்கம் திருப்பினால் முடி தானாகப் பிரிந்துவிடும் என்று அதைப் பிடித்தார். அம்மா அழுதுகொண்டே சீக்கிரம் திருப்பச் சொன்னாள்.

அப்போது சித்தி பேசினாள். முகத்தை அசைக்க முடியாததால் வார்த்தைகள் குழறி வந்தன.

"திருப்பாதீங்க மாஸ்டர். வெட்டுற டூல் மரைக்குள்ள கீது. திருப்பினா மரை பூடும். முடிய அறுத்துடுங்க."

மாஸ்டர் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார், மறுபடி வைத்தார். அம்மா, "அவளுக்கு மூள கலங்கிப் போச்சு சார், நீங்க திருப்புங்க" என்றாள்.

"அந்தப் புள்ள இன்னா சொல்லுது, காதுல உழலையா?" என்று கேட்டது மாப்பிள்ளையின் அம்மா. இடுப்பிலிருந்த சுருக்குப்பையிலிருந்து நூல் நறுக்கும் சிறிய கத்தரியை எடுத்தாள். அந்தத் தடித்த பின்னலை அது ஒரே வெட்டில் அறுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, நறநறவென்று, கழுத்துக்கு அருகில் அறுத்தாள். சித்தி கண்ணை மூடவே இல்லை. தலை விடுபட்டதும் நிமிர்ந்து, ரத்தத்தைக்கூடத் துடைக்காமல், தண்டில் சுற்றியிருந்த தன் முடியை விரலால் விலக்கி மரையைப் பார்த்தாள்.

அந்தம்மா கத்தரியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். வாங்கி வைத்திருந்த காபியைக் குடிக்கவில்லை. போய்விட்டாள்.

திருகாணி பொருந்தியது. நான்கு பேரும் தேறினார்கள். சித்திக்கும் எஸ்தருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பொதட்டூர்பேட்டையிலிருந்து மட்டும் ஆள் வரவில்லை.

என் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் அம்மா எனக்கு அதைச் சொன்னாள். அப்போதே தரகர் பதில் கொண்டுவந்திருக்கிறார். "முடி என்னா, வளந்துடும். மெஷின்ல தலைய குடுத்துக்கினு வேலைய நெனைக்கிற பொண்ணு, எங்க ஊட்ல யாரு பேச்ச கேக்கும்?" என்றாளாம் அந்தம்மா. அம்மாவின் குரலில் கோபம் இல்லை. அந்தம்மா சொன்னதும் நியாயம்தானே என்று அம்மாவுக்கு ஒரு சந்தேகம் இருந்ததுபோலத் தோன்றியது. அம்மாவிடம் நான் அதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் கத்தரியை நானாக இருந்தால் எடுத்திருப்பேனா, எடுத்த பிறகு அந்தப் பெண்ணை வேண்டாம் என்றிருப்பேனா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எட்டு வயதில் எனக்கு எல்லாம் எளிதாக இருந்தது. முடி போனதால் கல்யாணம் போனது, முடி வந்தால் அவர்களும் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை தலை முழுகியதும் சித்தியை உட்காரவைத்து, ஈர முடியை இழுத்துப் பிடித்து முதுகில் சாண் போட்டு அளப்பேன். இன்னும் கொஞ்சம்தான் சித்தி, வந்துடுவாங்க என்று தைரியம் சொல்வேன். வேலைக்குப் போய் வந்த களைப்பில் அவளுக்குக் கண் சொக்கும்.

"சரியா அளடி" என்று சொல்லி, முதுகை எனக்குக் காட்டியபடி அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.