யாரும் பார்க்காத ஆய்வேடு

வாசகர் கேட்கும் நூல் இங்கே இல்லையென்றால் அதை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தர வேண்டும். முடியாவிட்டால், முடியாது என்பதையாவது எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நான் செய்தித்தாள் படிக்கப் போகும் நூலகத்தில், நூலகரின் நாற்காலிக்கு மேலே தொங்கிய தகரப் பலகையில் ஏழாவது விதி இது. பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்ததால் நூலகருக்கு மட்டும் அதைப் படிக்கும் வாய்ப்பு அமையவில்லை. நான் கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கோப்பை நகர்த்தவும் நகராமல் காக்கவும் ஒரே விதியைக் காட்ட முடியும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் 2012இல் ஒருநாள், அங்கே படிக்க வரும் டீச்சர் ஒருவர் அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்து, "இது நெஜமாவே நடக்குமா சார்?" என்று கேட்டபோது, "ரூல் இருக்கும்மா, நடந்துதானே ஆகணும்" என்றேன்.

டீச்சர் பிள்ளைப்பாக்கத்துக்கு அப்பால் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தார். உள்ளூர் விவசாயக் குடும்பம். நாற்பதைத் தாண்டிய பிறகு பகுதிநேரமாக எம்.பில். சேர்ந்திருந்தார். ஆய்வுக்கான கேள்வி அவருடைய வகுப்பறையிலேயே கிடைத்தது. தெற்கேயிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் ஜூனில் சேர்வார்கள். அப்பாவின் ஒப்பந்தம் முடிந்ததும் குடும்பம் ஒரகடம் பக்கமோ வேறெங்கோ வீடு மாறிவிடும். பாதி ஆண்டில் இடம் காலியாகும். "அட்டெண்டன்ஸ்ல பேர் கீது, புள்ள இல்ல. எங்க போச்சுன்னு கேக்கத்தான் ஆள் இல்ல சார்" என்பார்.

அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். இடம்பெயரும் தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பற்றிப் பழைய ஆய்வேடு ஒன்று உண்டு. இந்தத் துறையில் எல்லோரும் அதை மேற்கோள் காட்டுவார்கள். டீச்சரும் காட்ட வேண்டும். டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆய்வுலகில் இதற்கு எளிய வழி ஒன்று வழக்கத்தில் இருக்கிறது. முன்னவரின் ஆய்வேட்டிலிருந்து நூற்பட்டியலை அப்படியே எடுத்து நம்முடையதின் கடைசியில் சேர்த்துக்கொள்வது. கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயரைப் போடுவது போலத்தான். அவர் வந்தாரா என்று யாரும் பார்ப்பதில்லை. டீச்சருக்கு அது ஒத்துவரவில்லை. "பாக்காதத பாத்தேன்னு எப்படி சார் எழுதறது? நாளைக்கு எம் பசங்க காப்பியடிச்சா எந்த மூஞ்ச வச்சிகினு திட்டறது?"

ஏழாவது விதியைச் சுட்டி, பொருள், பார்வை எல்லாம் பிசகாமல் நானே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். நூலகர் அதை இரண்டு விரலால் வாங்கிப் படித்துவிட்டு, "சார், நீங்க ரிடையர் ஆயிட்டீங்க. உங்க கை இன்னும் ஆவல" என்றார். ஆனாலும் முத்திரை குத்தி மேலே அனுப்பினார். அத்தோடு அது போன இடம் தெரியவில்லை.

டீச்சர் காத்திருக்கவில்லை. சனிக்கிழமைகளில் பேருந்து நிலையத்துக்கு அருகே இருந்த பிரவுசிங் சென்டரில், ஷிப்ட் முடித்து வந்த இளைஞர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். "இன்னாக்கா, உங்களுக்கும் பயோடேட்டா பிரிண்ட்டா?" என்று கேட்டார் கடைக்காரர். "ஆமாப்பா, காணாம போனவரோட பயோடேட்டா" என்றார் டீச்சர். இணையத்தில் ஆய்வேடுகள் ஏற்றப்பட்டிருந்த தளங்களில் தலைப்பை, ஆசிரியர் பெயரை, துறையை மாற்றி மாற்றிப் போட்டுத் தேடினார். அதை மேற்கோள் காட்டியவர்கள் வரிசையாக வந்தார்கள். அது மட்டும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் உடன் போய்ச் சென்னையில் பெரிய நூலகமொன்றின் பட்டியலிலும் பார்த்தோம். இல்லை. திரும்பும் பேருந்தில் அவர் அச்செடுத்து வைத்திருந்த மேற்கோள் பக்கங்களை மடியில் பரப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லோரும் எடுத்திருந்தது ஒரே வாக்கியம், ஒரே பக்கத்திலிருந்து.

"இத்தினி பேர் படிச்சிருந்தா, ஒருத்தராவது அடுத்த பக்கத்தத் திருப்பியிருக்க மாட்டாங்களா சார்?"

பேருந்து பூந்தமல்லியைத் தாண்டியது. பிறகு அந்த ஆய்வேடுகளை ஆண்டுவாரியாக அடுக்கினோம். எல்லாவற்றுக்கும் மூத்தது அவருடைய வழிகாட்டியின் ஆய்வேடு.

மறுவாரம் அவரைப் பார்க்கப் போனபோது டீச்சர் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். பேராசிரியர், டீச்சர் நீட்டிய தம்முடைய ஆய்வேட்டுப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். "எங்க சார் சொன்னாரும்மா. நான் எழுதிக்கிட்டேன். நீ எடுத்துடு, விட்டுடலாம்" என்றார். டீச்சருக்கு அது போதவில்லை. சும்மா எடுத்துவிட்டால் அடுத்து வருகிறவரும் இதே அலைச்சல் அலைவார். ஆகவே, எங்கெங்கே தேடினேன், கிடைக்கவில்லை என்று அடிக்குறிப்பு போடுவேன் என்றார். "அப்ப என் கையெழுத்து கிடைக்காது" என்றார் பேராசிரியர். டீச்சர் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். நான் மேல்முறையீட்டுக்கு வழியுண்டு என்று தொடங்கினேன். "சார், கொஞ்சம் சும்மா வாங்க" என்றார். குரலில் அழுகை இருந்தது.

கெடு முடியும் தறுவாயில் பேராசிரியரே கூப்பிட்டனுப்பினார்; நானும் கூடப் போனேன். அடிக்குறிப்பை இருமுறை படித்துவிட்டு, "என் பேர எழுதலியே?" என்று கேட்டார். "உங்க பேரு எதுக்கு சார்? நீங்க உங்க சார நம்புனீங்க, நான் உங்கள நம்புனேன்" என்றார் டீச்சர். பேராசிரியர் சிரித்துவிட்டார். பேனாவைத் தேடி என் சட்டைப் பையிலிருந்து எடுத்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அந்த நூலகத்தில் கணினிகள் வந்துவிட்டன. பச்சைப் பலகையைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். போகும்போதெல்லாம் குனிந்து ஏழாவது விதியைப் பார்த்துக்கொள்வேன். அது பொய் சொல்லவில்லை என்பதற்கு நானே சாட்சி. டீச்சர் பட்டம் வாங்கி, தலைமையாசிரியையாகி வேறு ஊருக்குப் போன பிறகு, விண்ணப்பத்துக்கான பதில் நூலகத்துக்கு வந்தது: தாங்கள் கோரிய ஆய்வேடு எங்கும் இருப்பில் இல்லை. வெளியே வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. மேளச் சத்தத்துக்கு மேலே கத்தி, போனில் அதை டீச்சருக்குப் படித்துக் காட்டினேன்.

"தேடிப் பாத்துதானே சொல்லிகிறாங்க? அப்ப நல்லவங்கதான் சார். இன்னா தேதி போட்டுகீது? என் காப்பியில அந்த அடிக்குறிப்புக்குக் கீழ எழுதி வைக்கணும்."

தேதி போட மட்டும் மறந்திருந்தார்கள். ஆகவே கைக்கு வந்த நாளைச் சொன்னேன்: 2014, ஆடிக் கிருத்திகை.