அக்கா கேட்ட செப்பு

இந்த ஊர் டிராமில் யாரும் பேசுவதில்லை. கூட்டமாக ஏறுகிறார்கள், மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லாமல் இறங்கிப் போகிறார்கள். ஒரு பெண் குரல் மட்டும் ஒவ்வொரு நிறுத்தமாகப் பெயர் சொல்லும். ஜெர்மனிக்கு மகள் சுமதியிடம் வந்த நாலு வருஷத்தில் எனக்குப் படிந்த ஜெர்மன் அந்தப் பெயர்கள்தான். நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவள். புது ஆளைப் பார்த்தால் வாய் திறக்காது. அப்படிப்பட்ட எனக்கு இந்த அமைதி பிடித்திருக்க வேண்டும். உங்களுக்கெல்லாம் எப்படியோ, எனக்கு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் தாம்பரத்து எலெக்ட்ரிக் ட்ரெயினின் சத்தம்தான் காதில் கேட்கிறது.

இரும்புலியூரிலிருந்து அக்காவும் நானும் தாம்பரத்துக்கு நடந்து போய் அந்த ட்ரெயினைப் பிடிப்போம். மாம்பலத்தில் ஒரு அச்சாபீசில் இரண்டு பேருக்கும் பைண்டிங் வேலை. வீட்டில் நாங்கள் பேசியது தெலுங்கு. பள்ளிக்கூடத்தில் "ஏய் கொல்ட்டி" என்று கேலியாகக் கூப்பிட்டதில் வெளியே தெலுங்கை வாயில் எடுக்காமல் பழகிவிட்டோம். ட்ரெயினில் மட்டும், யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில், ஏறுகிறவர்களை எல்லாம் தெலுங்கில் கிண்டல் செய்வோம். ஒருநாள் எதிரே உட்கார்ந்த பெரியவரின் மீசையை அக்கா துடைப்பம் என்றாள். கிண்டியில் இறங்கும்போது அவர் திரும்பி, "மீசம் பாக லேதாம்மா?" என்றார், மீசை நன்றாக இல்லையா என்று. அப்புறம் ஒரு வாரம் வேறு பெட்டியில் ஏறினோம். கல்யாணமாகிப் போன இரண்டு வீடுகளிலும் தெலுங்கு பேரளவில்தான், பேச்சு தமிழ். பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லித் தரவில்லை. போகப் போக, போனில் எங்களுக்குள்ளேயே தமிழாகிவிட்டது.

போன ஆடியில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறியது, பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மிச்சம். அவள் மருமகள் கலா எனக்குப் போன் செய்தாள்.

"சித்தி, நாள் பூரா செப்பு, செப்புன்றாங்க. செம்புல தண்ணி குடுத்தேன், தட்டி வுட்டுட்டாங்க. என்னான்னே புரியல."

தெலுங்கில் செருப்புக்குச் செப்பு என்றுதான் பெயர். நான் பெரிய பண்டிதை மாதிரி, "வெளிய போணும்னு கேக்கறாடி. செருப்பைப் போட்டு கேட் வரைக்கும் கூட்டிப் போ" என்றேன். மறுநாள் மறுபடி போன். "செருப்ப கழட்டி என் மேலயே வீசறாங்க சித்தி. அப்புறம் அழறாங்க. உங்களுக்குமா புரியல?" அந்தக் கேள்வி எனக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அக்கா பேச்சு தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். எனக்கும் புரியாவிட்டால் அவள் யாரிடம் போவாள்?

அந்த வாரம்தான் ஹன்னா வந்தாள். பல்கலைக்கழகத்தில், வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் வீட்டில் என்னென்ன மொழி பேசுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிற பெண். கண் மூக்கு இல்லாத ஒரு ஆள் படத்தையும் கலர் பென்சிலையும் என் முன்னால் வைத்து, ஒவ்வொரு மொழியும் உடம்பில் எங்கே இருக்கிறதோ அங்கே கலர் அடிக்கச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வாய், நெஞ்சு, கை எல்லாம் தமிழுக்கு நீலம் அடித்தேன். ஜெர்மனுக்குக் காதில் ஒரு புள்ளி. "அம்மாவுக்குத் தெலுங்கும் தெரியும்" என்று சுமதி போட்டுக் கொடுத்தாள். மனசெல்லாம் அந்தச் செருப்பில் இருந்ததால், பாதத்தில் மஞ்சள் தீட்டினேன். ஹன்னா தலையாட்டி ஏதோ எழுதினாள். 'வேர்கள்' என்று எழுதினாளாம். சுமதி பிறகு சொன்னாள். நான் திருத்தவில்லை.

அப்புறம் ஹன்னா ரெக்கார்டரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "தெலுங்குல ஏதாவது சொல்லணுமாம், அம்மா" என்றாள் சுமதி. எனக்குக் கூச்சம். என்னத்தைச் சொல்வது?

"ஏமி செப்பேதி?" என்றேன்.

என் காதில் அது விழுந்தது. என்னத்தைச் சொல்வது. செப்பேதி. செப்பு என்றால் சொல்லு. அக்கா தண்ணியும் கேட்கவில்லை, செருப்பும் கேட்கவில்லை. யாராவது ஏதாவது சொல்லு என்றுதான் இத்தனை நாளும் கேட்டிருக்கிறாள்.

ஹன்னா உட்கார்ந்திருக்கும்போதே போன் போட்டேன். "கலா, போனை அவ காதுல வைம்மா."

"அக்கா, நேனு செப்தானு, வினு," நான் சொல்றேன், கேள், என்று ஆரம்பித்து மீசைக்காரர் கதையைச் சொன்னேன். மறந்த இடத்தில் தமிழைப் போட்டு ஒட்டினேன். அந்தப் பக்கம் கரகரவென்று ஒரு சத்தம். கலா கத்தினாள், "சித்தி, சிரிக்கிறாங்க!"

பத்து நிமிஷத்தில் என் தெலுங்கு தீர்ந்துவிட்டது. நான் நிறுத்தியதும் அக்கா, "செப்பு" என்றாள். என்னிடம் வேறென்ன இருக்கிறது? தாம்பரம் என்றேன். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம். அவள் மூச்சு சீராகிக்கொண்டே வந்தது. பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம். அங்கேதான் நாங்கள் இறங்குவோம். நிறுத்தினேன்.

"செப்பு."

அதற்கு அப்புறம் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நிறுத்தங்கள் இந்த ஊர் டிராமில்தான் இருக்கின்றன. மார்க்ட்பிளாட்ஸ் என்றேன், அந்தப் பெண் குரல் மாதிரியே. ராட்ஹவுஸ். ஹவுப்ட்பான்ஹோஃப். அக்கா இறங்கவில்லை.