காலையில் பார்த்த சிவப்பு

ஹைதராபாத்தில் பட்டான்செரு பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஹோட்டல் சாப்பாட்டில் வயிறு கெட்டதால், என் ஒற்றை அறையிலேயே ஸ்டவ் வைத்துச் சமைக்க ஆரம்பித்தேன். உடம்புக்கு நல்லது என்று ஒருநாள் பீட்ரூட் பொரியல் செய்தேன். முதல்முறையாக அடிப்பிடிக்காமல் வந்தது. ‘நல்லா இருக்கு’ என்று சொல்ல ஆளில்லை. சட்டி முழுவதையும் நானே காலி செய்தேன்.

மறுநாள் காலை சிறுநீர் ரத்தச் சிவப்பாகப் போனது. கம்பெனியில் தினமும் மூச்சோடு உள்ளே போகும் கெமிக்கல் பவுடர் கிட்னியைத் தின்றுவிட்டது என்றே முடிவு கட்டினேன். ஊரிலிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, நான் போய்ச் சேர்ந்துட்டா என் செல்போனை மாமாகிட்ட குடுத்துடாதே. ரத்தமா போகுது.”

“விளையாடாதடா. நேத்து என்ன தின்னே?”

“பீட்ரூட்.”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். “அதோட சாயம்டா, லூசு! எவ்வளவு தின்னே?”

“அரைக் கிலோ.”

“ஒருத்தனாவா?” என்று கேட்டவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

இப்போதெல்லாம் சமைத்ததும் பக்கத்து அறை யாதகிரிக்கு ஒரு கிண்ணம் கொடுக்கிறேன். பீட்ரூட் செய்கிற அன்று மட்டும் சாயத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. காலையில் அவனாக வந்து என் கதவைத் தட்டட்டும்.