எண்ணெய் வைத்தியர்

மட்டாஞ்சேரியில் எல்லோரும் அவனை வைத்தியர் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அந்த மரியாதையைக் கொடுக்க மனம் வரவில்லை. வெளுத்த வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், பேசும்போதெல்லாம் பாதி மூடிய கண்கள். கைக்குழந்தைகளின் தலையை, தர்பூசணி வாங்க வந்தவன்போலத் தட்டிப் பார்ப்பான்.

எங்கள் மகளுக்கு மூளையில் நீர் தேங்கித் தலை பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்த நீரை வயிற்றுக்கு இறக்கிவிட உடனே குழாய் வைக்க வேண்டும் என்று எர்ணாகுளத்து டாக்டர் படம் வரைந்து காட்டினார். ஆபரேஷன் என்றதும் பயந்துபோன என் மனைவி குழந்தையை இவனிடம் தூக்கிக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

“தலையில கத்தி வெச்சா கொச்சுப் பிள்ளை மந்தமாயிடும் மோளே. பேடிக்காதே, எண்ணெயிலயே நீர் வத்திடும்” என்றான்.

அப்போது உள்ளேயிருந்து அவன் பேத்தி ஓடிவந்து மடியில் ஏறினாள். அவள் காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், ஒரு குழாய் கழுத்து வழியாகப் புடைத்து இறங்கியது. டாக்டர் வரைந்து காட்டிய அதே இடம்.

“இவளுக்கு எண்ணெய் தடவலையா?” என்று கேட்டேன்.

“இது எங்க வீட்டுக் கொச்சாக்கும்” என்றான், கொஞ்சமும் கூசாமல்.

என் மனைவி குழந்தையை அள்ளிக்கொண்டு எழுந்தாள். அந்த வாரமே ஆபரேஷன் முடிந்தது. மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போகும்போது சில நாள் அவனும் பேத்தியோடு அங்கே உட்கார்ந்திருப்பான். எங்களைக் கண்டதும் சிரித்து, “மோளுக்குச் சுகம்தானே?” என்பான். அப்படிக் கேட்க அவனுக்கு எப்படித்தான் வாய் வருகிறதோ!