தூசி நாள் பேச்சு

ஷார்ஜாவின் முவைலாவில் தூசிக்காற்று கிளம்பினால் முதலில் எதிர்க் கட்டடம் காணாமல் போகும். அப்புறம் என் மூச்சு. நான் ஏசி மெக்கானிக். ஊரார் வீட்டு ஃபில்டரையெல்லாம் கழுவிக் கொடுக்கிறவன் நெஞ்சுக்கு ஃபில்டர் இல்லை என்று ரூமில் கிண்டல் செய்வார்கள். நானும் சிரிப்பேன். சிரித்தால் இருமல் வரும்.

இந்தத் தூசி மாவைவிட நைஸ், மூக்கோடு நிற்காது, நுரையீரலின் அடிவரை போய் உட்காரும் என்றார் கிளினிக்கில் இருந்த மலையாள டாக்டர். இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். தூசி நாளில் வெளியே போகாதே என்றும் சொன்னார். நல்ல ஆலோசனைதான். ஆனால் ஏசியின் அவுட்டோர் யூனிட் மொட்டை மாடியில் அல்லவா இருக்கிறது? மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஏறுவேன். சாயங்காலம் ரூமுக்கு வந்தால் கிண்டல் செய்கிறவர்கள் கதவிடுக்கில் செருகிய ஈர லுங்கியும் ஜன்னலில் கட்டிய ஈரத்துண்டும் எனக்கு முன்னால் தயாராக இருக்கும்.

ஊரில் இருக்கும் மனைவிக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் கிளம்பி வா என்பாள். அவளிடம் வாதாடி நான் ஜெயித்ததில்லை. மகள் நர்சிங் கடைசி வருஷம். அது முடியும்வரை தாக்குப்பிடித்தாக வேண்டும்.

இளைப்பை மறைக்க ஒரு வழி வைத்திருந்தேன். என் டியூட்டி முடிந்ததும் மனைவி தினமும் கூப்பிடுவாள். தூசி நாளில் நெட் சரியில்லை என்று வீடியோவை அணைத்துவிடுவேன். அவள் பேசும்போது போனை மியூட்டில் போட்டால் இளைப்பின் சத்தம் அவளுக்குக் கேட்காது. நடுநடுவே மூச்சை அடக்கி, மியூட்டை எடுத்து ஒரு 'ம்', ஒரு 'சரி'. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொள்வேன்.

ஒரே தொல்லை, அந்த நாட்களில்தான் அவள் விடாமல் பேசுவாள். பக்கத்து வீட்டு ஆடு வேலி தாண்டியது, ரேஷன் கடையில் கைரேகை விழாதது. எங்கிருந்துதான் பேச்சு ஊறுகிறதோ என்று எரிச்சல் வரும். வைக்கவும் மனம் வராது.

போன மாதம் பெரிய தூசி. இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை. கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, மியூட்டில் போட்டுவிட்டு ஆட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினாள்.

"இன்னைக்கு அங்க ரொம்பத் தூசி போல. போன்ல வானிலைக்கு ஷார்ஜாவைத்தான் வச்சிருக்கேன், காட்டுது."

எனக்கு 'ம்' சொல்லக்கூட மூச்சு இல்லை.

"தூசின்னு காட்டுற அன்னைக்கெல்லாம் நீங்க 'ம்', 'சரி'க்கு மேல பேசுறதில்ல. நம்ம பொண்ணுதான் அது இளைப்புன்னு கண்டுபிடிச்சு சொன்னா, மூச்சு வாங்கும்போது அப்பாவைப் பேச வைக்காதம்மான்னு. அதான் நானே பேசிக்கிட்டு இருக்கேன்."

அழுகை வந்தது. மியூட்டை எடுத்தேன். என் நெஞ்சு போட்ட சத்தத்தை அவள் முழுசாகக் கேட்டாள்.

"அவ பரீட்சை முடிஞ்சதும் கெளம்பி வந்துருங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. உடனே சரிசெய்துகொண்டு, "சரி, அந்த ஆடு அப்புறம் என்ன பண்ணுச்சுன்னா..." என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.