ஏழு, இடது

செவ்வாய்க்கிழமை காலை, காட்டூரில் என் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது வைதேகி மேடத்தின் கணவர் ராகவன் சாரிடமிருந்து போன் வந்தது. "டாக்டர், வைதேகி பரமபதிச்சுட்டா. கார்த்தால அஞ்சரைக்கு. கஷ்டப்படலை" என்றார். கடைசி வார்த்தை பொய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மொதல்ல அவளோட ஸ்கேன் படத்தைப் பாத்தது நீங்கதான். கடைசி வரைக்கும் உங்களை ஒரு வார்த்தை குறைச்சுச் சொன்னதில்லை அவ. பதிமூணாம் நாளுக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடறோம். நீங்க அவசியம் எழுதித் தரணும்." சரி என்றேன். எழுதியிருக்கிறேன். அவர் எதிர்பார்த்த கட்டுரை இதுவல்ல.

திருமதி வைதேகி அவர்கள் திருச்சியில் நான் படம் பார்க்கும் ஸ்கேன் சென்டரில் பதினான்கு வருடங்கள் ரிப்போர்ட் டைப் செய்தவர். நான் சொல்லச் சொல்லத் தட்டுவார். பிழை வராது. பெருமாள் புறப்பாடு உள்ள நாளில் பத்து நிமிடம் தாமதமாக வருவார். யாரும் கேட்காமலே மாலையில் பத்து நிமிடம் கூடுதலாக உட்காருவார். "இடதுன்னு சொன்னேளே, படத்துல வலதுன்னா இருக்கு?" என்று அவர் திருத்திய இடங்களைக் கணக்கெடுத்தால் எனக்குத்தான் அசிங்கம்.

இந்த ஊரில் தலைவலி என்றாலே சைனஸ். மூக்கடைத்தால் சைனஸ், கண் எரிந்தால் சைனஸ், பரீட்சைக்குப் படிக்காத துவாக்குடி காலேஜ் மாணவனுக்கும் சைனஸ். சைனஸ் என்பது முகத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறை. சிடி படத்தில் காற்று கறுப்பாகத் தெரியும், சளி சாம்பல் நிறத்தில் தெரியும். அறை கறுப்பாக இல்லாமல் நிறைந்திருந்தால் சைனசைடிஸ் என்று எழுதுவோம். இதையே தினமும் சொல்லி எனக்கு அலுத்துவிட்டதால், வைதேகி மேடம் முழு ரிப்போர்ட்டையும் ஏழாம் எண் விசையில் ஏற்றி வைத்தார். நான் "ஏழு, வலது" என்பேன். பன்னிரண்டு வரிகள் திரையில் வந்து விழும். அவற்றில் ஒன்பதாவது வரி: எலும்பில் அரிப்பு இல்லை. அதாவது, எதுவும் எலும்பைத் தின்றிருக்கவில்லை. எலும்பைத் தெளிவாகப் பார்க்கத் திரையின் அமைப்பை மாற்ற வேண்டும். இரண்டு விநாடி வேலை. பல நாட்கள் அந்த இரண்டு விநாடி எனக்குக் கிடைக்கவில்லை.

ஏழு வருடங்களுக்கு முன் தொட்டியத்திலிருந்து ஒரு வாழை விவசாயி வந்தார். "ஏழு, வலது" என்றேன். மேடம் தட்டாமல் என் திரையைப் பார்த்தார். "டாக்டர், மேல் கடைவாய்ப் பல்லோட வேரைச் சுத்திக் கறுப்பா இருக்கே. சளி அங்கேர்ந்து வந்திருக்குமோ?"

இரண்டு டெக்னீஷியன்கள் நின்றிருந்தார்கள். விவசாயியின் மனைவியும் கதவருகில் இருந்தார். "நீங்க எந்தக் காலேஜ்ல எம்.டி. படிச்சீங்க மேடம்? படம் பாக்கறது என் வேலை. தட்டறது உங்க வேலை. தட்டுங்க" என்றேன்.

"சரி டாக்டர்" என்றார்.

அவர் சொன்னது சரி. பல்லையும் ரிப்போர்ட்டில் சேர்த்தேன்; பல் டாக்டர் பல்லைப் பிடுங்கினார்; விவசாயிக்குக் குணமாகிவிட்டது. ஒரு தார் பூவன் கொண்டுவந்து எனக்கு நன்றி சொன்னார். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். மேடம் மறுநாள் தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "திரும்பித் திரும்பிப் பாத்தா கழுத்து வலிக்கறது" என்று டெக்னீஷியனிடம் சொன்னாராம். அதன் பிறகு ஒருநாளும் அவர் என் திரையைப் பார்க்கவில்லை. தொந்தரவு விட்டது என்று அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் கார்த்திகையில் அவருக்கே இடது மூக்கு அடைத்தது, கன்னம் வலித்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் சீட்டெழுதிக் கொடுக்க, எங்களிடமே ஸ்கேன் எடுத்துக்கொண்டார். சிடி மேஜையிலிருந்து இறங்கி, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, நேரே வந்து தன் நாற்காலியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். இடது அறை நிறைந்திருந்தது. வலது அறை சுத்தமாக இருந்தது.

"உங்களுக்கும் அதேதான் மேடம். ஏழு, இடது."

"பதினாலு வருஷமாத் தட்டினது ஒட்டிண்டுடுத்து போலிருக்கு" என்று சிரித்தார். விசையை அழுத்தினார், பெயர் இருக்கும் இடத்தில் தன் பெயரை அடித்தார். நான் கையெழுத்திட்டேன்.

ஒரு பக்கம் மட்டும் நிறைந்திருந்தால் கட்டியாக இருக்கலாம், எலும்பைப் பார் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். நான் பார்க்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தால் பார்த்திருப்பார். வாயைத் திறக்காதே என்று அவருக்குச் சொன்னவன் நான்தான்.

ஐந்து மாதங்கள் மாத்திரையும் மூக்கு ஸ்பிரேயும் வேது பிடிப்பதுமாகப் போயின. சித்திரையில் கன்னம் மரத்து, இடது கண் முன்னால் பிதுங்கியது. சென்னையில் புற்றுநோய் என்றார்கள். இடது மேல்தாடையையும் கண்ணையும் எடுத்தார்கள். எங்கள் பழைய படத்தைப் போட்டுப் பார்த்த அறுவை மருத்துவர், "இது அப்பவே இருக்கேம்மா" என்று அவரிடமே சொல்லிவிட்டார்.

ஆடியில் ஒரு மதியம், சாப்பாட்டு வேளையில், தனியாக சென்டருக்கு வந்தார். கண் இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டு. பேச்சு மூக்கு வழியாக வந்தது. மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்ததும் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல அந்தப் படத்தைப் போடுங்கோ."

போட்டேன். நாற்காலியை என் திரையைப் பார்க்கத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். "இப்ப ஒழுங்காச் சொல்லுங்கோ. தட்டறது என் வேலை."

திரையின் அமைப்பை மாற்றினேன். இரண்டு விநாடிதான் ஆயிற்று. "இடது சைனஸின் பின்சுவர் அரிக்கப்பட்டுள்ளது" என்றேன்.

"எவ்வளவு? அளந்து சொல்லுங்கோ."

"பதினோரு மில்லிமீட்டர்."

"கண்ணுக்கு அடியில இருக்கற எலும்பு?"

"மெலிஞ்சிருக்கு."

"மெலிஞ்சிருக்கா, போயிடுத்தா?"

"போயிருக்கு."

ஒற்றைக் கண்ணோடு தட்டினார். அன்றும் ஒரு பிழை இல்லை. "தேதி இன்னிக்குத்தான் போடறேன். பழைய தேதி போட்டாப் பொய்யாயிடும்" என்று தாளை நீட்டினார். கையெழுத்திட்டேன். பிறகு கம்ப்யூட்டரில் ஏதோ ஐந்து நிமிடம் செய்துவிட்டு எழுந்தார். "ஆத்துல சொல்லலை. அவர் உங்களை ரொம்ப நல்லவர்னு நினைச்சுண்டிருக்கார். அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அது மன்னிப்பல்ல, உண்மையைச் சொல்லும் வேலையை என்னிடமே விட்டுப் போனது என்பது செவ்வாய்க்கிழமை ராகவன் சார் என் கைகளைப் பிடித்தபோதுதான் புரிந்தது.

அன்று கம்ப்யூட்டரில் அவர் செய்தது என்னவென்று மறுநாள் காலையே தெரிந்தது. "ஏழு, ரெண்டு பக்கமும்" என்றேன். அவர் இடத்துக்கு வந்திருந்த பானு விழித்தார். "டாக்டர், ஒன்பதாவது வரியில 'எலும்பு'ன்னு மட்டும் இருக்குங்க. அப்புறம் காலியா இருக்கு. என்ன அடிக்கட்டும்?" அன்றிலிருந்து ஒவ்வொரு சைனஸ் படத்துக்கும் பானு அதைக் கேட்கிறார். பழைய வரியைத் திரும்பப் போடச் சொல்லி நான் இதுவரை கேட்கவில்லை.

ஐப்பசியில் நோய் திரும்பி வந்தது. இந்தத் தையில் முடிந்தது.

ராகவன் சார், இதை மலரில் போடுவதும் கிழித்துப் போடுவதும் உங்கள் விருப்பம். இரண்டு ரிப்போர்ட்டுகளும் உங்கள் வீட்டில்தான் எங்கேயாவது ஸ்கேன் உறைக்குள் இருக்கும். எடுத்து ஒன்பதாவது வரியைப் படித்துப் பாருங்கள். இரண்டிலும் கையெழுத்து என்னுடையதுதான்.

கொள்ளிடக் கரையில் தகனம் முடிந்த மறுநாள் காலை வந்த முதல் படத்தில் இடது பக்கம் மட்டும் நிறைந்திருந்தது. காட்டூர்க்காரப் பெண், வைதேகி மேடத்தின் வயதுதான் இருக்கும். "டாக்டர், எலும்பு?" என்றார் பானு. திரையை மாற்றி ஒவ்வொரு சுவராகப் பார்த்தேன். எல்லாம் முழுதாக இருந்தன. சொன்னேன், அவர் தட்டினார்.

வைதேகி மேடம், இப்போதெல்லாம் எல்லோருடைய எலும்பையும் பார்க்கிறேன். உங்களுடையதைத்தான் பார்க்க வேண்டிய நாளில் பார்க்கவில்லை. போய் வாருங்கள்.